கையெழுத்துப் போடும் முன்: இணையத்தளம் குறித்து நம் மா உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் குழுவினருக்கு,

புதிய இணையத்தளம் அமைக்கும் பொறுப்பை, சொந்தமாக ஒரு சிஎம்எஸ் (தளத்தின் உள்ளடக்கத்தைப் பதிந்து நிர்வகிக்கும் மென்பொருள்) வைத்திருக்கும் நிறுவனம் ஒன்றிடம் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைப்பதென்று சென்ற கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறீர்கள். அந்தத் தீர்மானத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. நாங்கள் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கத்துப் பங்குதாரர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் இணையத்தள வேலை பார்க்கிறவர்கள். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்பதால்தான் இப்போதே எழுதுகிறோம்.

உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்ட விலைப்புள்ளியை வரிக்கு வரி படித்தோம். சிஎம்எஸ் அவர்களுடைய சொந்த மென்பொருள். அதன் மூல நிரல் நமக்குக் கிடைக்காது. டொமைனும் (தளத்தின் இணைய முகவரி) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) தொகுப்பில் அடக்கம் என்று இருக்கிறது, யார் பெயரில் என்று இல்லை. புதிதாக ஒரு பக்கம் சேர்த்தால் தனிக் கட்டணம். ஒப்பந்தம் முடிந்தால் நம் தகவல்கள் எந்த வடிவில் நம் கைக்கு வரும் என்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை. கூட்டத்தில் காட்டிய டெமோவில் மாந்தோப்புப் படங்கள் அழகாக நகர்ந்தன. ஒரு நாள் விலையை அங்கேயே பதிந்து காட்டுங்கள் என்று குழுவில் யாரும் கேட்கவில்லை.

பழைய தளம் எப்படிச் செத்தது என்பதையாவது ஒருமுறை பார்த்திருக்கலாம். டொமைன் அதைக் கட்டிக் கொடுத்தவர் பெயரில் பதிவானது. அவர் தொழிலை விட்டதும் புதுப்பிக்க ஆளில்லாமல் முகவரி போனது. மிச்சமிருந்த நகலில் முதல் சில ஆண்டு விலைப்பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத போனில் அவை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிகின்றன. பிந்தைய ஆண்டுகளின் பட்டியல்களோ வாட்ஸ்அப்பில் வந்த படங்கள். அவற்றில் எதையும் தேட முடியாது, கூட்டிக் கழிக்க முடியாது. பெங்களூரா ரக மாங்காய் எந்த வாரத்தில் எந்த மையத்தில் எவ்வளவுக்கு எடுக்கப்பட்டது என்ற கணக்கை வைத்துத்தான் மாம்பழக் கூழ் ஆலைகளிடம் நாம் பேரம் பேச வேண்டும். அந்தக் கணக்கு இன்று நம்மிடம் இல்லை. அதே ஏற்பாட்டுக்கு இன்னொரு முறை கையெழுத்துப் போடப் போகிறோம்.

சிஎம்எஸ் எது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது முகப்புப் பக்கத்தின் தோற்றத்தை வைத்தல்ல. தோற்றத்தை எதிலும் கொண்டுவரலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பிறகு மாற்ற முடியாதது தகவல் உள்ளே எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது என்பதும், அது யாருடைய கையில் இருக்கிறது என்பதும்தான். சந்தூரில் ஒட்டுக்கன்று எடுக்கப் போனால் தாய்மரம் எது என்று கேட்காமல் நம்மில் யாரும் பணம் கொடுப்பதில்லை. இந்த வேலையிலும் அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

நம் தளத்தின் உயிர்நாடி சீசன் விலை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை ஒவ்வொரு கொள்முதல் மையத்திலும் பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, நீலம், பங்கனப்பள்ளி என்று ரகவாரியாக விலை வருகிறது. அதை உள்ளிடப் போவது அலுவலகத்துக் கணினி அல்ல. மையத்து எழுத்தர் தன் போனில், லாரிக்கு எடை போட்டுக்கொண்டே செய்யப் போகிறார். அவர் முன்னால் ஒரு வெள்ளைப் பெட்டியை மட்டும் வைத்து ‘செய்தி எழுதுக’ என்றால் என்ன நடக்கும்? ஒரு மையத்தார் கிலோவுக்கு 20 என்று எழுதுவார், இன்னொருவர் டன்னுக்கு 20,000 என்று எழுதுவார், மூன்றாமவர் வெறும் 20 என்று விட்டுவிடுவார். மூன்றும் ஒரே விலை. ஆனால் கணினிக்கு மூன்றும் வேறு வேறு சொற்கள். இரண்டு சீசன் கழித்து ஒப்பிடப் போனால் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கும்.

தேதி, மையம், ரகம், தரம், டன் விலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் புலம் (நிரப்பும் கட்டம்) வேண்டும். ரகமும் மையமும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி இருக்க வேண்டும். தட்டச்சு செய்யவே விடக்கூடாது. விலைப் புலம் எண்ணை மட்டும் ஏற்க வேண்டும், கீழெல்லையும் மேலெல்லையும் வைத்து. டன் விலைக்குரிய இடத்தில் 20 என்று போட்டால் சேமிக்க மறுக்க வேண்டும். வேர்ட்பிரஸ் என்ற சிஎம்எஸில் இதற்கென்று தனி இடுகை வகையும் தனிப் புலங்களும் அமைக்கலாம். புலங்களை வசதியாக உருவாக்கப் பெரும்பாலும் ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) தேவைப்படும். ட்ரூபல் என்ற இன்னொரு சிஎம்எஸில் உள்ளடக்க வகை, புலங்கள், அவற்றை அட்டவணையாகக் காட்டும் வியூஸ் எல்லாம் அடிப்படை மென்பொருளிலேயே இருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் ட்ரூபல் மேல் என்று தயங்காமல் சொல்வோம். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் அமைப்பில் இது முடியுமா, முடியாதா? விலைப்புள்ளியில் ‘விலைப் பக்கம்’ என்று இரண்டு சொல் இருக்கிறது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

அடுத்து, சரிபார்ப்பு. எழுத்தர் போட்ட விலை நேரே வெளியே போகக்கூடாது. தவறான விலை ஒரு மணி நேரம் வெளியில் இருந்தாலே தோப்புக்காரர்களும் குத்தகைக்காரர்களும் அதை நம்பிப் பேசிவிடுவார்கள். வேர்ட்பிரஸில் ‘பங்களிப்பாளர்’ என்ற பொறுப்பு இருக்கிறது: எழுதலாம், வெளியிட முடியாது. ‘தொகுப்பாளர்’ பார்த்து வெளியிடுவார். நமக்கு ஏறக்குறைய பொருந்தும் ஏற்பாடு இது. இரண்டு குறைகளை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பங்களிப்பாளரால் படம் ஏற்ற முடியாது. எடைச்சீட்டுப் படம் வேண்டுமென்றால் அந்த அனுமதியைத் தனியே கொடுக்க வேண்டும். வெளியான பிறகு அவர் தன் பதிவையே திருத்தவும் முடியாது. தொகுப்பாளர் திருத்தினால் அந்தத் திருத்தம் உடனே வெளியே தெரியும், இடையில் ஒப்புதல் படி கிடையாது. ட்ரூபலில் வெளியான பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு திருத்தத்தை வரைவாக நிறுத்தி வைக்கலாம்.

தமிழ் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘தமிழ் ஆதரவு உண்டு’ என்று எல்லா விலைப்புள்ளியிலும் எழுதுகிறார்கள். திரையில் தமிழ் தெரிவது மட்டும் போதாது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் (எழுத்து, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள்) யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் இடம் எடுக்கும். பைட் கணக்கில் எல்லை வைத்திருக்கும் அமைப்பில் 100 பைட் தலைப்பு என்றால் 33 குறிகளோடு தலைப்பு வெட்டப்படும், சில நேரம் கடைசி எழுத்து பாதியில் உடையும். வேர்ட்பிரஸிலும் இதற்கு ஒப்பான ஒரு சிக்கல் இணைய முகவரியில் வரும். ஒரு பக்கத்தின் முகவரிப் பெயருக்குத் தரவுத்தளத்தில் 200 இடம்தான். ஒவ்வொரு பைட்டும் அங்கே சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக எழுதப்படுவதால், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அதில் 9 இடம் பிடிக்கும். ‘கிருஷ்ணகிரி’ என்ற சொல்லில் எழுத்தும் அதன் மேல் ஏறும் கொம்பு, புள்ளி போன்றவையும் சேர்த்து 11 குறிகள், அதாவது 99 இடம். ஆக இப்படி இரண்டு சொல்லுக்கு மேல் தாங்காது. ‘கிருஷ்ணகிரி மையம் பெங்களூரா விலை’ என்று தினமும் தலைப்பிட்டால் தினமும் ஒரே இடத்தில் முகவரி வெட்டப்பட்டு, பின்னால் 2, 3, 4 என்று எண் ஒட்டிக்கொண்டு போகும். எது எந்தத் தேதி என்று முகவரியைப் பார்த்து யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளாக நான்கு வரி நீளும். விலைப் பக்கங்களின் முகவரியை ஆண்டு, மாதம், தேதி, மையத்தின் குறியீட்டு எண் என்று எண்களாலேயே அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை முழுவதும் போகும். தொடக்கத்திலேயே செய்தால் பத்து நிமிட வேலை. ஆயிரம் பக்கம் சேர்ந்த பிறகு செய்தால் ஒவ்வொரு பழைய முகவரியையும் புதியதற்குத் திருப்பிவிட 301 திசைமாற்றப் பட்டியல் எழுத வேண்டும்.

பழைய பாமினிப் பட்டியல்களை மாற்றுவதிலும் பொறி இருக்கிறது. பாமினியில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டச்சாகும். யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்பட வேண்டும். அரைகுறை மாற்றிகள் இந்த வரிசையைக் கெடுத்துவிடும். ‘கொ’ போன்ற எழுத்தைச் சில மாற்றிகள் ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு தனிக் குறிகளாகவே விட்டுவிடுகின்றன. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் சிக்காது. மாற்றிய பிறகு எல்லா உரையையும், ஒரே எழுத்து எங்கும் ஒரே குறியாக இருக்கச் செய்யும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு ஒழுங்குபடுத்தித்தான் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும்.

தேடலைப் பற்றி இன்னொன்று. வேர்ட்பிரஸின் இயல்பான தேடல் எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்ப்பது மட்டுமே செய்யும். ‘விலை’ என்று தேடினால் ‘விலையை’ கிடைக்கும். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’ கிடைக்காது. எனவே உரைத் தேடலை மட்டும் நம்பக்கூடாது. ரகம், மையம், மாதம் என்று தேர்ந்தெடுத்து வடிகட்டும் வசதி வேண்டும். புலங்களைத் தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து உறுப்பினர்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் பலர். விலையும் கொள்முதல் அறிவிப்பும் அந்த மொழிகளிலும் வர வேண்டுமென்று குழுவே முன்பு ஒப்புக்கொண்டது. புதிய விலைப்புள்ளியில் அது காணவில்லை. பல மொழி வசதி ட்ரூபலிலும் ஜூம்லா என்ற மற்றொரு சிஎம்எஸிலும் அடிப்படையிலேயே உண்டு. வேர்ட்பிரஸில் பிளகின் வைத்துத்தான் செய்ய வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் இயந்திரம் மொழிபெயர்க்கும் ஏற்பாட்டை இதற்கு ஈடாகக் காட்டினால் ஏற்காதீர்கள்: ரகப் பெயரையும் அளவையும் இயந்திரம் தவறாகப் பெயர்த்தால் கேட்பார் யார்? புலங்கள் தனித்தனியாக இருந்தால் ரகம், மையம், தரம் ஆகிய பெயர்களை ஒருமுறை மூன்று மொழியிலும் எழுதி வைத்தால் போதும். விலை வெறும் எண்தானே.

சரி, எதைத்தான் வைப்பது? வேர்ட்பிரஸ் (2003), ட்ரூபல் (2001), ஜூம்லா (2005) மூன்றும் பொது உரிமத்தில் வரும் திறந்த மென்பொருள்கள். உரிமக் கட்டணம் இல்லை, கட்டிக் கொடுத்தவர் விலகினால் இன்னொருவர் அதே இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் பரிந்துரை வேர்ட்பிரஸ். ட்ரூபலின் அமைப்பு நம் தேவைக்கு இன்னும் நெருக்கமானது என்று மேலே நாங்களே சொன்னோம். ஆனால் அதைத் தொடர்ந்து பராமரிக்கத் தெரிந்தவர்களை ஓசூரிலும் தருமபுரியிலும் கண்டுபிடிப்பது கடினம், கூலியும் அதிகம். ட்ரூபல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ல் முடிந்தது; 8-ஆம் பதிப்பில் உள்ளமைப்பே மாறிவிட்டதால், பழைய தளங்களைப் பொத்தான் அழுத்திப் புதுப்பிக்க முடியாமல் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. அந்தச் செலவைத் தாங்கும் நிலையில் நாம் இல்லை. கூட்டத்தில் ஒருவர் ஆட்சியர் அலுவலகத் தளம் மாதிரி வேண்டும் என்றார். அது தேசியத் தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் என்ற தளம் அமைக்கும் சேவையில் இயங்குவது, அரசு அமைப்புகளுக்கானது, நமக்குக் கிடைக்காது.

வேர்ட்பிரஸ் என்று சொல்வதால் எப்படிக் கட்டினாலும் சரி என்று பொருளில்லை. கெட்டுப்போகும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். இழுத்து வைத்துக் கட்டும் பேஜ் பில்டர் பிளகின்கள் பக்கத்துக்குள் தங்கள் சொந்தக் குறியீடுகளைக் கலந்துவிடுகின்றன. நாளை அந்தப் பிளகினை நீக்கினால் உரைக்கு நடுவே சதுர அடைப்புக்குறிகள் மிஞ்சும். அடிப்படையிலேயே உள்ள பிளாக் எடிட்டர் நமக்குப் போதும். விலை கொடுத்து வாங்க வேண்டிய தீம்களை (தளத்தின் தோற்ற வார்ப்புகளை) எங்கோ இலவசமாக இறக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட தீம்களில், வெளியாள் திருட்டுத்தனமாக நுழைய வழிவிடும் பின்வாசல் நிரல் ஒளிந்திருக்கும். சில மாதம் கழித்து கூகுளில் நம் பெயரைத் தேடினால் சூதாட்ட விளம்பரம் வரும், அல்லது ஜப்பானிய எழுத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் வரும். அந்த நிரல் உள்ள கோப்பை அழித்தால் மட்டும் தீராது, ஏனென்றால் அதற்குள் அது புதிய நிர்வாகிக் கணக்கு ஒன்றைத் திறந்திருக்கும், படங்கள் ஏற்றும் கோப்புறையில் சர்வரில் ஓடக்கூடிய நிரலான இன்னொரு பிஎச்பி கோப்பை வைத்திருக்கும். அந்தக் கோப்புறையில் பிஎச்பி ஓடவே கூடாது என்று சர்வரில் தடை போடுவது முதல் நாளே செய்ய வேண்டிய வேலை. பிளகின்கள் குறைவாக, ஒவ்வொன்றும் எதற்கென்று எழுதி வைத்து, வாரம் ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும்.

படங்கள்: போன் கேமராப் படம் 4, 5 எம்பி வரும். வேர்ட்பிரஸ் 5.3 பதிப்பு முதல் 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படத்தைத் தானாகச் சிறிதாக்குகிறது. ஆனால் மூலப்படமும் சர்வரில் தங்கி இடத்தை அடைக்கும். விலைப் பக்கத்தில் படமே வேண்டாம். அஞ்செட்டி மலைப்பக்கம் சிக்னல் மெலிந்த இடத்தில் திறக்க வேண்டிய பக்கம் அது. 300 கேபிக்குள் நின்றாக வேண்டும்.

உறுப்பினர் பட்டியல் விஷயத்தில் கடுமையாகவே சொல்கிறோம். விலைப்புள்ளியில் ‘உறுப்பினர் ஆவணங்கள், ரகசியப் பக்கம்’ என்று ஒன்று இருக்கிறது. வேர்ட்பிரஸ் உட்படப் பல அமைப்புகளில் பக்கத்தைப் பூட்டினாலும் அதில் ஏற்றிய பிடிஎஃப் கோப்பு பூட்டப்படுவதில்லை. கோப்பின் நேர் முகவரி தெரிந்த யாரும் திறக்கலாம். ஆதார் எண், வங்கிக் கணக்கு, சர்வே எண் அடங்கிய எந்தத் தாளும் இந்தத் தளத்தில் ஏறக்கூடாது. அது கணக்குப் பிரிவின் கணினியிலேயே இருக்கட்டும்.

பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். தரவுத்தளம் ஒன்று, ஏற்றிய கோப்புகள் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் தளம். சீசனில் தரவுத்தளம் தினமும், கோப்புகள் வாரம் ஒருமுறை, அதே சர்வரில் அல்லாமல் வேறிடத்தில் சேமிக்கப்பட வேண்டும். எடுத்த பேக்கப்பை வெற்றுச் சர்வரில் மீட்டுக் காட்டச் சொல்ல வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது. தவறான எழுத்துத்தொகுதியில் (எழுத்துகளைச் சேமிக்கும் முறையில்) மீட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். அப்படியே சேமித்துவிட்டால் அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து எழுத்தைத் திரும்பப் பெற வழியே கிடையாது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

தீர்மானத்தை நிறுத்தி வையுங்கள். சீசன் நடுவில் புதிய தளம் திறக்கக்கூடாது என்பதால், ஜனவரிக்குள் தேர்வு முடிந்து மார்ச்சுக்குள் மையத்து எழுத்தர்களுக்குப் பயிற்சி முடியும்படி புதிய கால அட்டவணை போடுங்கள்.

டொமைனை நிறுவனத்தின் பெயரிலேயே, நிறுவனமே நேரடியாகப் பதிவு செய்யட்டும். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் உள்ளதாக இருக்கக்கூடாது: டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சலும் நின்றுபோகும், அதன் பிறகு அனுப்பப்படும் நினைவூட்டல் யாருக்கும் வராது. டொமைன், ஹோஸ்டிங், தள நிர்வாகி ஆகிய மூன்றின் லாகின் விவரமும் முதன்மைச் செயல் அலுவலரிடமும் இயக்குநர் ஒருவரிடமும் இருக்க வேண்டும். கட்டிக் கொடுப்பவருக்குத் தனிக் கணக்கு கொடுங்கள். வேலை முடிந்ததும் மூடுங்கள்.

எந்த நிறுவனம் வந்தாலும் டெமோவை அவர்கள் கையில் விடாதீர்கள். ஒரு கொள்முதல் மைய எழுத்தரை அழைத்து, அவருடைய சொந்தப் போனில், மொபைல் டேட்டாவில், ஐந்து ரகத்தின் விலையைத் தமிழில் பதியச் சொல்லுங்கள். அதில் ஒன்றை வேண்டுமென்றே தவறாகப் போடச் சொல்லுங்கள். பிறகு அந்த ஐந்தையும் ரகவாரியாக வடிகட்டி, எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக அங்கேயே இறக்கித் தரச் சொல்லுங்கள். கோப்பில் தமிழ் சிதையாமல் இருக்கிறதா என்று எல்லோரும் பாருங்கள். இதைச் செய்ய முடியாதவர்களின் விலைப்புள்ளியை அதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

கட்டுமானத்துக்கும் பராமரிப்புக்கும் தனித்தனி ஒப்பந்தம் போடுங்கள். பராமரிப்பை ஓராண்டு வீதம் மட்டும் கொடுங்கள். ஒப்பந்தம் எப்போது முடிந்தாலும் 15 நாளுக்குள் முழுத் தரவுத்தளம், எல்லாக் கோப்புகள், தீம் நிரல் ஆகியவை கட்டணமின்றி ஒப்படைக்கப்பட வேண்டும் என்ற விதி அதில் இருக்கட்டும். கடைசித் தவணையை அந்த ஒப்படைப்பு ஒருமுறை சோதித்துப் பார்க்கப்பட்ட பிறகே கொடுங்கள்.

பாமினியிலும் படங்களிலும் கிடக்கும் பழைய விலைப்பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றிப் புலங்களில் ஏற்றும் வேலையைக் கூலியின்றிச் செய்ய நாங்கள் தயார். அதற்கு அந்த நகல் எங்களிடம் தரப்பட வேண்டும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த பொதுக்குழுவின் பொருள் பட்டியலில் இணையத்தள ஒப்பந்தத்தைத் தனிப் பொருளாகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்கிறோம்.

இப்படிக்கு,
இணையத்தளப் பணியில் உள்ள பங்குதாரர் குடும்பத்தினர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்